குருதியின் பாதை கண்ட வில்லியம் ஹார்வி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

சொற்களை மனப்பாடம் செய்வது வேறு. அவற்றின் பொருளை உணர்வது வேறு. இந்த உண்மையை நான் வகுப்பறையில் கற்கவில்லை. சென்ற ஆண்டு மருத்துவமனைத் தாழ்வாரம் ஒன்றில் கற்றேன்.

என் தந்தையார் வயல்களுக்குத் தண்ணீர் கட்டும் வேலை செய்பவர். ஒருநாள் விடியற்காலையில் மார்பைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரைச் சோதித்த மருத்துவர், இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோனரித் தமனியில் அடைப்பு ஏற்பட்டிருப்பதாகக் கூறிவிட்டு அடுத்த நோயாளியிடம் சென்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே அந்தச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. என் தாயார் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். இதயம் முழுவதும் இரத்தம் நிரம்பியிருக்கும்போது, அதற்கு இரத்தம் கொண்டுபோக இன்னொரு குழாய் எதற்கு என்று கேட்டார். தமனிக்கும் சிரைக்கும் உள்ள வேறுபாடுகளை வரிசை மாறாமல் எழுதி முதலாண்டுத் தேர்வில் மதிப்பெண் பெற்றவன் நான். ஆனால் எழுத்தறியாத என் தாயின் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. தலைகுனிந்து நின்றேன்.

இறையருளாலும் மருத்துவர்களின் திறமையாலும் என் தந்தையார் பிழைத்தெழுந்தார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. விடை தேடி நூலகத்துக்குச் சென்ற நான் கண்டெடுத்ததுதான் வில்லியம் ஹார்வி என்னும் பேரறிஞரின் வாழ்க்கை. நம் உடலில் எந்தக் குழாய் எந்த உறுப்பை நோக்கிக் குருதியைக் கொண்டு செல்கிறது என்பதை உலகுக்கு முதன்முதலில் முழுமையாக எடுத்துக் காட்டியவர் அவரே. மாணவ நண்பர்களுக்கு அவ்வரலாற்றைச் சொல்ல விழைகிறேன்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்து நாட்டின் தென்கிழக்கே, கென்ட் மாவட்டத்தில், கடலோரமாக அமைந்த ஊர் ஃபோக்ஸ்டன். அவ்வூரில் 1578-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஹார்வி பிறந்தார். தந்தை பெயர் தாமஸ் ஹார்வி. பெற்றோரின் பிள்ளைகளில் மூத்தவர் வில்லியம். தம்பிமார்களில் பலர் பிற்காலத்தில் இலண்டன் மாநகரில் வணிகம் செய்து பொருள் ஈட்டினர். அண்ணன் மட்டும் செல்வத்தை விடுத்துக் கல்வியை நாடினார். கேன்டர்பரி நகரிலிருந்த அரசர் பள்ளியில் பயின்று, 1593-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கீஸ் கல்லூரியில் சேர்ந்து, 1597-இல் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் மருத்துவக் கல்விக்குப் பெயர் பெற்ற இடம் இத்தாலியிலிருந்த பாதுவா பல்கலைக்கழகம். மாமேதை கலீலியோ அங்குக் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த காலம் அது. அங்கு உடற்கூறு கற்பித்தவர் ஃபாப்ரிசியஸ் என்னும் புகழ்பெற்ற பேராசிரியர். பிணத்தை அறுத்து உள்ளுறுப்புகளைக் காட்டுவதற்கென்றே மரத்தாலான நீள்வட்ட அரங்கம் ஒன்று அங்கு இருந்தது. படிப்படியாக உயர்ந்த அடுக்குகளில் மாணவர்கள் நின்றுகொண்டு கீழே குனிந்து பார்ப்பார்கள். அந்த அரங்கில் நின்று பார்த்த மாணவர்களில் ஒருவராக ஹார்வி இருந்தார். 1602-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் மருத்துவ முனைவர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

பெயரில் புகுந்த காற்று

ஹார்வியின் பெருமையை அறிய வேண்டுமானால், அவருக்கு முன் உலகம் என்ன நம்பியது என்பதை அறிந்தாக வேண்டும்.

ஆங்கிலத்தில் ஆர்ட்டரி என்று வழங்கும் சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. கிரேக்கர்கள் அச்சொல்லை முதலில் மூச்சுக் குழாய்க்கே வழங்கினார்கள். இரத்தக் குழாய்க்கு அப்பெயர் எவ்வாறு வந்தது? இறந்த உடலில் தமனிகள் பெரும்பாலும் வெறுமையாகவே காணப்படும். குருதியெல்லாம் சிரைகளில் தங்கிவிடும். வெறுங்குழாயைக் கண்ட பண்டைய மருத்துவர்கள், இதில் ஓடுவது காற்றே என்று முடிவு கட்டினார்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த எராசிஸ்டிராட்டஸ் என்னும் அறிஞரும் அவ்வாறே கருதினார். நாம் வழங்கும் தமனி என்ற சொல்லும் வடமொழியில் ஊதுதல் என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லிலிருந்து பிறந்ததே. இரு வேறு நாடுகளில் ஒரே குழாய்க்குக் காற்றின் பெயர் அமைந்தது விந்தையன்றோ!

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்னும் மருத்துவப் பேராசான் இதை மறுத்தார். உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடங்களில் கட்டி, நடுவே கீறிப் பார்த்தார். உள்ளிருந்து குருதியே வந்தது. ஆயினும் குருதியின் பாதையைப் பற்றி அவர் கூறியதில் பெரும் பிழைகள் இருந்தன.

உண்ட உணவு கல்லீரலில் குருதியாக மாறுகிறது. அங்கிருந்து சிரைகளின் வழியே எல்லா உறுப்புகளுக்கும் செல்கிறது. சென்ற குருதியை உறுப்புகள் உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன. இழந்ததை ஈடுசெய்யக் கல்லீரல் மீண்டும் மீண்டும் புதிய குருதியை ஆக்குகிறது. இது காலன் கண்ட முறை. குருதியில் ஒரு பகுதி இதயத்தின் நடுச்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே வலப்புறத்திலிருந்து இடப்புறம் கசிந்து, காற்றோடு கலந்து, உயிராற்றல் பெற்றுத் தமனிகளில் செல்கிறது என்றும் அவர் கொண்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். காலனின் முறைப்படி தமனியும் உறுப்பை நோக்கிச் செல்கிறது. சிரையும் உறுப்பை நோக்கிச் செல்கிறது. திரும்பி வரும் வழி என்று ஒன்று தனியே இல்லை! குழாய்களுக்குப் பெயர் இருந்தது. போக்கு எது, வரவு எது என்ற தெளிவு இல்லை.

ஆயிரத்து நானூறு ஆண்டுகள் இந்தக் கொள்கையே மருத்துவ உலகை ஆண்டது. ஐயம் எழுப்பியவர்கள் இல்லாமல் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கெய்ரோ நகரில் வாழ்ந்த இப்னு அல்-நஃபீஸ் என்னும் அரபு மருத்துவர், இதயச் சுவரில் துளை இல்லை என்றும், குருதி நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்றும் எழுதினார். அவருடைய கையெழுத்துப் படி பெர்லின் நகரில் 1924-இல் கண்டறியப்பட்ட பிறகே உலகம் அவரை மீண்டும் அறிந்தது. ஸ்பெயின் நாட்டு மைக்கேல் செர்வீட்டஸ் தம் சமய நூல் ஒன்றில் இதே கருத்தை எழுதினார். சமயக் கருத்து வேறுபாட்டுக்காக 1553-இல் ஜெனீவா நகரில் உயிரோடு எரிக்கப்பட்டார். பாதுவாவில் கற்பித்த வெசாலியஸ், 1543-இல் வெளியிட்ட பெருநூலின் இரண்டாம் பதிப்பில், சுவரிலுள்ள துளைகள் தம் கண்ணுக்குத் தென்படவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதினார். ஆனால் குருதியின் முழுப்பாதையையும் எவரும் வகுத்துக் காட்டவில்லை. அப்பணி ஹார்விக்காகக் காத்திருந்தது.

சிரைக்குள் சிறு கதவுகள்

சிரைகளுக்குள் சிறு கதவுகள் போன்ற தடுப்பிதழ்கள் இருப்பதைப் பாதுவாவில் ஃபாப்ரிசியஸ் மாணவர்களுக்குக் காட்டினார். குருதி வேகமாக ஓடிக் கால்களில் தேங்கிவிடாதபடி அவை தடுத்து நிறுத்துகின்றன என்று அவர் விளக்கம் தந்தார். மாணவர் ஹார்வியின் மனத்தில் அது வேறொரு கேள்வியை எழுப்பியது. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

எல்லாத் தடுப்பிதழ்களும் இதயத்தை நோக்கியே திறந்தன. இதயத்திலிருந்து கை கால்களை நோக்கி எதுவும் செல்ல அவை இடம் கொடுக்கவில்லை. அப்படியானால் சிரைகள் உறுப்புகளுக்குக் குருதியைக் கொண்டு செல்வது எப்படி முடியும்? தம்மைக் குருதிச் சுற்றோட்டத்தின்பால் செலுத்தியது இந்த எண்ணமே என்று முதிய வயதில் ஹார்வி கூறியதாக வேதியியல் அறிஞர் ராபர்ட் பாயில் எழுதி வைத்துள்ளார். ஆசிரியர் காட்டியதையே மாணவரும் கண்டார்; ஆசிரியர் கேட்காத கேள்வியை மாணவர் கேட்டார்.

மருத்துவர் ஹார்வி

1604-இல் இலண்டன் மருத்துவர் ஒருவரின் மகளான எலிசபெத் பிரவுன் என்னும் அம்மையாரை ஹார்வி மணந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. 1607-இல் இலண்டன் மருத்துவர் கல்லூரியில் உறுப்பினரானார். 1609-இல் ஏழை எளியோருக்கென அமைந்த புனித பார்த்தலோமியோ மருத்துவமனையில் மருத்துவராகப் பொறுப்பேற்றார். வாரத்தில் ஒரு நாளேனும் கூடத்தில் அமர்ந்து ஏழை நோயாளிகளைக் கவனிப்பது அவர் கடமை. பின்னர் முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கும், அவர் மகன் முதலாம் சார்லஸ் மன்னருக்கும் அரண்மனை மருத்துவராக விளங்கினார். அரண்மனையையும் ஏழைகளின் கூடத்தையும் ஒருங்கே கண்ட வாழ்க்கை அவருடையது.

ஹார்வி குள்ளமான உருவம் உடையவர், வட்ட முகம், கறுத்த சிறு கண்கள், காக்கைச் சிறகு போன்ற கருமுடி. இவ்வாறு அவரை நேரில் அறிந்த ஜான் ஆப்ரி எழுதி வைத்துள்ளார். இங்கிலாந்தில் காப்பி பரவுவதற்கு முன்பே காப்பி அருந்தும் வழக்கம் அவருக்கு இருந்ததாம்!

1616-ஆம் ஆண்டு முதல் மருத்துவர் கல்லூரியில் உடற்கூறு பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவற்றுக்காக அவர் கிறுக்கி வைத்த குறிப்புகள் இன்றும் இலண்டனில் பாதுகாக்கப்படுகின்றன. அந்த ஆண்டிலிருந்து தம் நூலை வெளியிட்ட ஆண்டு வரை பன்னிரண்டு ஆண்டுகள் அவர் பொறுமையோடு ஆய்வு செய்தார்.

கண்ணும் கணக்கும்

இதயத் துடிப்பு மிக விரைவானது. சுருங்குவது எப்போது, விரிவது எப்போது என்பதே தொடக்கத்தில் ஹார்விக்குப் புலப்படவில்லை. எனவே துடிப்பு மெதுவாக உள்ள குளிர்இரத்தப் பிராணிகளை நாடினார். தவளை, பாம்பு, மீன், நத்தை ஆகியவற்றை ஆராய்ந்தார். தேம்ஸ் ஆற்றில் கிடைக்கும் ஒருவகைச் சிறு இறாலின் உடல் கண்ணாடி போன்றது. அதன் இதயம் துடிப்பதைப் பலகணி வழியே பார்ப்பது போலத் தாமும் கண்டு நண்பர்களுக்கும் காட்டினார்.

உயிருள்ள பாம்பு ஒன்றில் இதயத்துக்குள் வரும் பெருஞ்சிரையைப் பிடித்து அழுத்தினார். இதயம் வெளுத்துச் சுருங்கியது. பிறகு இதயத்திலிருந்து வெளிச்செல்லும் பெருந்தமனியை அழுத்தினார். இதயம் உப்பிக் கருஞ்சிவப்பாயிற்று. சிரை உள்ளே கொணர்கிறது. தமனி வெளியே கொண்டு செல்கிறது! இதைவிடத் தெளிவான சான்று வேறு வேண்டுமோ?

மனிதனின் கையிலும் இதைக் காட்டினார். மேற்கையை மிக இறுக்கமாகக் கட்டினால் மணிக்கட்டில் நாடி நின்றுவிடும், கை குளிர்ந்துவிடும், கட்டுக்கு மேலே தமனி விம்மித் துடிக்கும். கட்டைச் சற்றே தளர்த்தினால் கை சிவந்து வெப்பமடையும். கட்டுக்குக் கீழே சிரைகள் புடைத்தெழும். ஆழத்திலுள்ள தமனி வழியே குருதி உள்ளே வருகிறது. மேலே உள்ள சிரை அழுந்தியிருப்பதால் திரும்ப முடியாமல் தேங்குகிறது. புடைத்த சிரையில் விரலை வைத்துக் குருதியை மேல்நோக்கித் தள்ளினால் செல்லும். கீழ்நோக்கித் தள்ளினால் தடுப்பிதழில் முட்டி நின்றுவிடும். இச்சோதனையின் படங்கள் அவர் நூலில் இடம்பெற்றுள்ளன.

எல்லாவற்றினும் சிறந்தது அவர் போட்ட கணக்கு. ஒரு துடிப்பில் இதயம் அரை அவுன்சு குருதியை வெளியேற்றுவதாகக் குறைத்தே வைத்துக்கொண்டார். அரைமணி நேரத்தில் இதயம் ஆயிரம் முறைக்கு மேல் துடிக்கிறது. அப்படியானால் அரைமணியில் வெளியேறும் குருதி 500 அவுன்சு. நம் அளவில் 15 கிலோவுக்கும் மேல்! உடல் முழுவதும் உள்ள குருதியே அவ்வளவு இல்லை. நாம் உண்ணும் உணவிலிருந்து கல்லீரல் அரைமணிக்கு இவ்வளவு குருதியை ஆக்க முடியுமா? ஒருக்காலும் முடியாது. ஆகவே அதே குருதிதான் சென்று சென்று திரும்பி வருகிறது. வட்டமாகச் சுற்றுகிறது என்று ஹார்வி முடிவு கண்டார். இன்றைய அளவீட்டின்படி இதயம் ஒரு துடிப்பில் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் குருதியை, நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியைச் செலுத்துகிறது. ஹார்வி கொண்ட அளவு உண்மையைவிடக் குறைவு. ஆனால் முடிவு பிழைபடவில்லை. உயிரியலில் பெருக்கல் கணக்கு இத்தகைய பெரும்பணி செய்தது அரிய நிகழ்ச்சியாகும்.

நூலும் எதிர்ப்பும்

1628-இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில், விலங்குகளில் இதயமும் குருதியும் இயங்கும் முறை பற்றிய அவர் நூல் இலத்தீன் மொழியில் வெளிவந்தது. மொத்தம் 72 பக்கங்களே. தாளும் மட்டம், அச்சுப் பிழைகளும் ஏராளம். ஆனால் அந்த மெல்லிய நூல் ஆயிரத்து நானூறு ஆண்டுக் கோட்டையைத் தகர்த்தது.

புகழ் உடனே வந்துவிடவில்லை. மாறாக, ஹார்விக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பொதுமக்கள் எண்ணியதாகவும், அவரிடம் வரும் நோயாளிகள் வெகுவாகக் குறைந்ததாகவும் ஆப்ரி குறிப்பிடுகிறார். ஜேம்ஸ் பிரிம்ரோஸ் என்னும் மருத்துவர் 1630-இல் மறுப்பு நூல் எழுதினார். 1636-இல் ஜெர்மனி சென்ற ஹார்வி, ஆல்ட்டார்ஃப் பல்கலைக்கழகத்தில் ஹோஃப்மன் என்னும் பேராசிரியருக்கு நேரிலேயே சோதனை செய்து காட்டினார். அவர் நம்ப மறுத்தார். பாரிஸ் நகரப் பேராசிரியர் ரியோலானும் எதிர்த்தார். ஹார்வி வசைமாரிகளுக்கு வசை திருப்பவில்லை. இருபத்தோராண்டுகள் பொறுத்திருந்து, 1649-இல் ரியோலானுக்கு இரண்டு மடல்களில் அமைதியாக விடையளித்தார்.

எதையும் கண்ணால் காணும் அவர் இயல்பு மனித உயிர்களையும் காத்தது. 1634-இல் லங்காஷயரைச் சேர்ந்த நான்கு பெண்கள் சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டப்பட்டு இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்டனர். மன்னர் ஆணைப்படி ஹார்வியின் மேற்பார்வையில் அவர்கள் உடல் சோதிக்கப்பட்டது. இயற்கைக்கு மாறான அடையாளம் எதுவும் இல்லை என்று அறிக்கை அளிக்கப்பட்டது. மன்னர் அவர்களை மன்னித்தார்.

பழைய பெயரும் புதிய பொருளும்

இனி என்னைப் போன்ற மாணவர்கள் இடறி விழும் இடத்துக்கு வருகிறேன். தமனி என்றால் நல்ல இரத்தம், சிரை என்றால் கெட்ட இரத்தம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பிறகு நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைந்த இரத்தம் ஓடுவதாகப் படிக்கும்போது விழிக்கிறோம். விதிவிலக்கு என்று அதையும் மனப்பாடம் செய்கிறோம்.

பண்டைய மருத்துவர்களும் இவ்விடத்தில் விழித்தவர்களே. இதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் குழாய், உள்ளே உள்ள குருதியால் சிரை போன்றது. சுவரின் தடிப்பால் தமனி போன்றது. எனவே அதற்குத் தமனித்தன்மையுள்ள சிரை என்று பெயரிட்டார்கள். நுரையீரலிலிருந்து இதயத்தின் இடப்புறம் வரும் குழாயைச் சிரைத்தன்மையுள்ள தமனி என்றார்கள். ஹார்வியும் தம் நூலில் இப்பழம் பெயர்களையே ஆண்டார். பெயரை மாற்றுவதில் அவர் காலம் போக்கவில்லை, போக்கைக் காட்டினார். போக்கு தெளிந்தபின் பெயர் தானே திருந்திற்று. 1895-இல் பாசல் நகரில் உடற்கூற்று அறிஞர்கள் கூடி உறுப்புகளின் பெயர்களை உலகுக்குப் பொதுவாக ஒழுங்குபடுத்தினர்.

ஹார்வியின் பின் விதி ஒன்றே. இதயத்தை விட்டு உறுப்பை நோக்கிக் குருதியைக் கொண்டு செல்வது தமனி. இதயத்தை நோக்கித் திரும்பக் கொணர்வது சிரை. குருதியின் நிறம் எதுவாயினும் ஆகுக. நுரையீரல் தமனி விதிவிலக்கன்று, விதியே அது. கருவிலுள்ள குழந்தையின் கொப்பூழ்த் தமனிகளும் ஆக்சிஜன் குறைந்த குருதியையே நஞ்சுக்கொடிக்குக் கொண்டு செல்கின்றன. குழந்தையின் இதயத்திலிருந்து வெளிச்செல்வதால் அவையும் தமனிகளே.

செல்லும் உறுப்பே தமனிகள் பலவற்றுக்குப் பெயராக அமைந்தது. கல்லீரலுக்குச் செல்வது கல்லீரல் தமனி. சிறுநீரகத்துக்குச் செல்வது சிறுநீரகத் தமனி. கழுத்தின் இருபுறமும் ஏறித் தலைக்குச் செல்வது கரோடிட் தமனி. அதை அழுத்தினால் மயக்கம் வரும் என்பதால் மயக்கம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லால் அது பெயர் பெற்றது. சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிக்குள் நுழையும் கிளை உட்செல் நுண்தமனி. வெளியேறுவது வெளிச்செல் நுண்தமனி. பெயரிலேயே திசை அமைந்துவிட்டது!

ஓர் இடத்தில் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். குடலிலிருந்து சத்துகளைச் சுமந்து கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரை, உறுப்பை நோக்கிச் சென்றாலும் சிரையே. கல்லீரல் பெறும் குருதியில் ஏறத்தாழ முக்கால் பங்கை அது தருகிறது. உறுப்பு ஒன்றிலிருந்து திரட்டிய குருதியை இதயம் சேரும் வழியில் இன்னோர் உறுப்புக்குள் மீண்டும் கிளைத்துப் பரப்புவதால் அதற்குத் தனிப்பெயர் அமைந்தது. காலன் குருதியின் பிறப்பிடம் என்று கருதிய கல்லீரல், குருதி கடந்து செல்லும் ஓர் உறுப்பே என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

போரும் இழப்பும்

1642-இல் இங்கிலாந்தில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. எட்ஜ்ஹில் போர்க்களத்தில் இளவரசர்கள் இருவரையும் காக்கும் பொறுப்பு ஹார்வியிடம் தரப்பட்டிருந்தது. வேலியோரமாக அமர்ந்து அவர் நூல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாராம். பீரங்கிக் குண்டு ஒன்று அருகில் வந்து விழுந்த பின்பே இடம் பெயர்ந்ததாக ஆப்ரி கூறுகிறார்.

அதே ஆண்டில் அரண்மனையிலிருந்த அவர் இல்லம் சூறையாடப்பட்டது. பூச்சிகளின் பிறப்பைப் பற்றிப் பல்லாண்டு உழைத்து எழுதிய குறிப்புகள் அழிந்தன. வாழ்நாள் முழுவதும் அவரை வருத்திய இழப்பு அது. மன்னரோடு ஆக்ஸ்ஃபர்ட் சென்ற அவர், அங்கும் சும்மா இருக்கவில்லை. அடைகாக்கும் முட்டைகளை நாள்தோறும் உடைத்துக் குஞ்சு உருவாகும் விதத்தை ஆராய்ந்தார். 1645-இல் மெர்ட்டன் கல்லூரியின் தலைவரானார். அடுத்த ஆண்டே நகரம் வீழ, பதவியும் போயிற்று. பின்னர்த் தம்பிமார்களின் இல்லங்களில் காலம் கழித்தார். 1651-இல் விலங்குகளின் இனப்பெருக்கம் பற்றிய பெருநூல் வெளிவந்தது.

முதுமையில் அவர் கண்முன்பே எதிர்ப்பு ஓய்ந்தது. 1654-இல் மருத்துவர் கல்லூரி அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது; முதுமையைக் காட்டி மறுத்துவிட்டார். கல்லூரிக்கு நூலகக் கட்டடமும் நூல்களும் வழங்கினார். 1656-இல் தம் பூர்வீக நிலத்தையும் அளித்து, ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நடத்தவும், ஆய்வின் மூலம் இயற்கையை அறியுமாறு உறுப்பினர்களை ஊக்கவும் ஏற்பாடு செய்தார். அச்சொற்பொழிவு இன்றும் நடைபெறுகிறது. நூலகமோ 1666-இல் இலண்டனில் மூண்ட பெருந்தீயில் சாம்பலாயிற்று.

1657-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் காலையில் எழுந்த ஹார்விக்கு நா எழவில்லை. வாதநோய் தாக்கியிருந்தது. மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ நேரும் நோய் அது. குருதிக் குழாய்களின் போக்கை உலகுக்குச் சொன்னவர், அந்நோயாலேயே தமது 79-ஆம் வயதில் மறைந்தார். எசெக்ஸ் மாவட்டத்து ஹெம்ப்ஸ்டெட் என்னும் சிற்றூரில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் காணாமல் விட்டது ஒன்றே. தமனி முடிந்து சிரை தொடங்கும் இடத்தை அவர் கண்டதில்லை. தசையினூடே நுண்வழிகள் இருந்தாக வேண்டும் என்று அறிவால் மட்டும் உணர்ந்திருந்தார். அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1661-இல், இத்தாலி நாட்டு மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் நோக்கித் தந்துகிகளைக் கண்டார். வட்டம் முழுமை பெற்றது.

தாயின் கேள்விக்கு விடை

1649-இல் ரியோலானுக்கு எழுதிய மடலில் ஹார்வி மிகக் குறுகிய சுற்றோட்டம் ஒன்றையும் குறிப்பிடுகிறார். இதயத்திலிருந்து புறப்பட்டு, கரோனரித் தமனிகள் வழியே இதயச் சுவருக்குள்ளேயே கிளைத்து, சிரைகள் வழியே இதயத்துக்கே திரும்பும் சுற்று அது. இதயத்தைக் கிரீடம் போலச் சூழ்ந்திருப்பதால் அத்தமனிகளுக்கு அப்பெயர். இதய அறைகளில் குருதி நிரம்பியிருந்தாலும், தடித்த சுவரின் உட்புற மெல்லிய ஓரத்துக்கு மேல் அது எட்டாது. சுவர்த் தசைக்கு வேண்டிய ஆக்சிஜன் தமனி வழியாகத்தான் வர வேண்டும்.

இதைப் படித்த அன்று மாலையே ஊருக்குச் சென்றேன். தந்தையார் திண்ணையில் அமர்ந்திருந்தார். நாள் முழுவதும் முழங்கால் அளவு நீரில் நின்று தண்ணீர் கட்டினாலும், தாகம் எடுத்தால் செம்பில் தண்ணீர் வாங்கிக் குடிக்கத்தானே வேண்டும். இதயமும் அப்படித்தான் என்று என் தாயாரிடம் சொன்னேன். தாயார் சற்று யோசித்துவிட்டுத் தலையசைத்தார். தந்தையாரோ, வயலுக்குப் போவது வாய்க்கால், வயலிலிருந்து வருவது வடிகால், தண்ணீர் தெளிவா கலங்கலா என்பதை வைத்தா பெயர் சொல்கிறோம் என்று கேட்டுச் சிரித்தார். தமனிக்கும் சிரைக்கும் இதைவிடச் சிறந்த இலக்கணத்தை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். நாம் கற்கும் சொற்களுக்காக நம் வீட்டில் பலர் காத்திருக்கிறார்கள். அவற்றை விடைத்தாளில் கொட்டிவிட்டு வருவது கல்வியாகாது. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று கேட்ட மாணவர் ஹார்வியைப் போல நாமும் கேட்போம். கேட்டு அறிந்ததை நம் வீட்டாருக்குப் புரியச் சொல்வோம்.

வாழ்க ஹார்வியின் புகழ்! வளர்க அறிவியல்!